பள்ளிப் பத்திரிகையில் டக் ஷாப் விலையைப் போட்டால் என்ன குற்றம்?

சாட்ஸ்வொர்த் அம்மா:
எல்லோருக்கும் வணக்கம். நான் கோயில் வகுப்பில் கற்ற தமிழில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் மகள் இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில், ஒரு அரசுப் பள்ளியில் கிரேடு 11. பள்ளியின் பெயர் வேண்டாம். டெர்முக்கு ஒரு முறை அங்கே ஒரு பத்திரிகை வரும். பெரிதாக ஒன்றும் நினைக்காதீர்கள், நான்கு ஏ4 தாளை மடித்து ஸ்டேப்பிள் அடித்து 5 ரேண்டுக்கு விற்பார்கள், அவ்வளவுதான். நெட்பால் வெற்றி, ஹெரிடேஜ் டே அன்று புடவை கட்டிய படம், பிரின்சிபாலின் வாழ்த்து, இதுதான் வழக்கம். இந்த முறை இவளும் இன்னும் இரண்டு பேரும் டக் ஷாப், அதாவது பள்ளிக்குள் இருக்கும் தின்பண்டக் கடையைப் பற்றி ஒரு பக்கம் எழுதினார்கள். சிப்ஸ் ரோல் உள்ளே 28 ரேண்ட், கேட்டுக்கு வெளியே 20. இப்படிப் பதினொரு சாமானுக்கு இரண்டு விலையையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிட்டு, கடையை யாருக்கு, எத்தனை ஆண்டுக்கு, எவ்வளவு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள், மாணவர்களுக்குச் சொல்வீர்களா என்று ஒரே ஒரு கேள்வி. பொறுப்பு ஆசிரியை முதலில் சரி என்றார். பிறகு பிரின்சிபால் கூப்பிட்டு, அந்தப் பக்கத்தை எடுத்த பிறகுதான் போட்டோகாபி மெஷினைத் தொடலாம் என்று சொல்லிவிட்டார். மாணவர் பிரதிநிதிக் குழு என்று ஒன்று இருக்கிறதே, ஆர்.சி.எல்., அது வாயே திறக்கவில்லை. மகள் அழுதால்கூடச் சமாதானப்படுத்தலாம். அவள் அழவில்லை, வெளியே அச்சடித்தால் பக்கத்துக்கு எவ்வளவு என்று கடை கடையாகப் போன் போட்டு விசாரித்துக்கொண்டிருக்கிறாள். நான் தடுக்கட்டுமா, கூடப் போகட்டுமா?

பழைய வாத்தியார்:
தடுங்கள் அம்மா. முப்பத்திநான்கு வருஷம் வகுப்பறையில் நின்றவன் சொல்கிறேன். பள்ளிப் பத்திரிகை பள்ளியின் காசில் பள்ளியின் பேரில் வருவது, அதில் என்ன வரலாம் என்று சொல்லும் உரிமை பிரின்சிபாலுக்கு உண்டு, நாளைக்கு யாராவது வழக்குப் போட்டால் நிற்கப்போவதும் அவர்தான். பிரிட்டோரியா பக்கம் மூன்று பையன்கள் விளையாட்டாக ஒரு படம் செய்தார்கள், ஆசிரியர்கள் தலையை வேறு யாரோ உடம்பில் ஒட்டி. உதவித் தலைமை ஆசிரியர் வழக்குப் போட, அது அரசியலமைப்பு நீதிமன்றம் வரைக்கும் போய், 2011 இல் 25,000 ரேண்ட் கொடு, மன்னிப்பும் கேள் என்று தீர்ப்பு. அந்தப் பையன்களுக்கு அப்போது 15, 17 வயது. உங்கள் மகளுக்கு என்ன வயது?

லெனேசியா லதா:
வாத்தியார் ஐயா, அந்த வழக்கு எனக்கும் தெரியும், நான் வேலை செய்வது ஒரு வக்கீல் அலுவலகத்தில்தான். அது ஒரு மனிதரைக் கேவலப்படுத்திய படம். இது சிப்ஸ் ரோல் விலை. விலைப்பட்டியல் உண்மையாக இருந்தால் யாருடைய மானம் போகிறது, ரோலின் மானமா?

பழைய வாத்தியார்:
உண்மையாக இருந்தால் என்று நீயே சொல்கிறாய். பதினாறு வயதுப் பிள்ளைகள் எடுத்த கணக்கு உண்மை என்று யார் பார்த்தது?

வாயாடி:
ரோலுக்கு மானம் உண்டு, நம் ஊரில் ரொட்டிக்குள் குழம்பு ஊற்றுகிற பன்னி சௌவுக்கே உண்டு 😄

கணக்கு அப்பா:
நான் ஃபீனிக்ஸ் பக்கம் ஒரு உயர்நிலைப் பள்ளியில் எஸ்.ஜி.பி., அதாவது பள்ளி நிர்வாகக் குழுவின் பொருளாளர், இரண்டாவது தடவையாக. சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் உண்டு. டக் ஷாப் என்றால் வெளியே இருப்பவர்களுக்கு என்னவோ கொள்ளை மாதிரித் தெரிகிறது. அந்த வாடகைப் பணத்தில்தான் எங்கள் பள்ளியில் கழிவறைக்கு பேப்பர், மைதானத்துக்குப் புல் வெட்டுகிற ஆள், மாட்ரிக் என்கிற கிரேடு 12 பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை வகுப்பு எல்லாம் நடக்கிறது. ஃபீஸ் கட்டாத பெற்றோர் எத்தனை பேர் என்று கேட்டால் இங்கே எழுதுகிற பாதிப் பேர் அமைதியாகிவிடுவார்கள். வெளியே விற்கிறவர் வாடகை கொடுப்பதில்லை, தண்ணீர்க் கட்டணம் இல்லை, அவர் 20க்கு விற்கலாம். இதையெல்லாம் அந்தப் பிள்ளைகள் எழுதினார்களா? இல்லை. இரண்டு எண்ணைப் பக்கத்தில் வைத்துவிட்டால் அது பத்திரிகை ஆகிவிடாது.

சாட்ஸ்வொர்த் அம்மா:
அண்ணா, நீங்கள் சொன்னது நியாயம்தான். ஆனால் அதைத்தானே அந்தக் கேள்வி கேட்கிறது? வாடகை எவ்வளவு, எங்கே போகிறது என்று சொல்லியிருந்தால் நீங்கள் இப்போது எழுதியதை அவர்களே அச்சில் போட்டிருப்பார்கள்.

கணக்கு அப்பா:
அதைச் சொல்ல வேண்டியது பெற்றோர் கூட்டத்தில். பிள்ளைகளிடம் இல்லை. எஸ்.ஜி.பி.யில் ஆர்.சி.எல். பிள்ளைகள் உட்காருகிறார்கள், அதற்கு மேல் என்ன வேண்டும்? ஒப்பந்த விஷயம் வரும்போது மட்டும் அவர்களை வெளியே அனுப்புவோம், சட்டம் அப்படி. உங்கள் பள்ளியிலும் அப்படித்தான் செய்திருப்பார்கள்.

லெனேசியா லதா:
எந்தச் சட்டம் அண்ணா? 1996 ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் சட்டம், எண் 84, பக்கத்திலேயே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பிரிவு 32. வயது வராத உறுப்பினர் பள்ளியின் சார்பில் ஒப்பந்தம் போட முடியாது, பள்ளியின் மீதோ மூன்றாம் ஆள் மீதோ பொறுப்பைச் சுமத்துகிற தீர்மானத்தில் ஓட்டுப் போட முடியாது. அவ்வளவுதான் இருக்கிறது. உட்காரக் கூடாது, கேட்கக் கூடாது, பேசக் கூடாது என்று அந்தப் பிரிவில் ஒரு வார்த்தை இல்லை. வெளியே போகச் சொல்லுகிற பிரிவும் ஒன்று உண்டு, 26. அது யாருக்குத் தெரியுமா? பேசப்படும் விஷயத்தில் சொந்த ஆதாயம் உள்ள உறுப்பினருக்கு. பெரியவர்கள் வெளியே போக வேண்டிய பிரிவைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுகிறார்கள் போல.

வாயாடி:
ஐயோ.

சாட்ஸ்வொர்த் அம்மா:
லதா, இதை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். கடையை நடத்தும் அம்மா எஸ்.ஜி.பி. உறுப்பினர் ஒருவருக்குச் சம்பந்தி. ஊருக்கே தெரியும். மகள் அதை எழுதவில்லை, எழுதக் கூடாது என்று அவளே முடிவு செய்தாள்.

கணக்கு அப்பா:
பள்ளிப் பேரைச் சொல்லாவிட்டாலும் இது தப்பு அம்மா. சாட்ஸ்வொர்த்தில் யார் யாருக்குச் சம்பந்தி இல்லை? என் மனைவி பக்கம் எடுத்தால் யூனிட் 3 இல் இருந்து யூனிட் 7 வரை எல்லாமே சொந்தம். டெண்டர் முறையாக நடந்திருக்கலாம். பிரிவு 32 பற்றி லதா சொன்னதைப் போய்ப் படித்தேன். சரி, ஓட்டு என்றுதான் இருக்கிறது. எங்கள் பள்ளியில் எல்லோரும் செய்வது போல நாங்களும் செய்துகொண்டு வந்தோம். ஆனாலும் பதினாறு வயசுப் பிள்ளை முன்னால் ஒரு கடைக்காரரின் பாக்கி, வங்கி விவரம் எல்லாம் பேச முடியாது, நாளைக்கு வாட்ஸ்ஆப்பில் வரும்.

முன்னாள் ஆர்.சி.எல்.:
அங்கிள், பெரியவர்கள் பேசினதும்தான் வாட்ஸ்ஆப்பில் வருகிறது.
நான் 2021 இல் ஒரு பள்ளியின் ஆர்.சி.எல். தலைவனாக இருந்தேன், இப்போது பல்கலைக்கழகத்தில். எப்படித் தலைவனானேன் என்று சொல்கிறேன், சிரிக்காதீர்கள். முதலில் வகுப்புக்கு இரண்டு பேர், அது உண்மையான தேர்தல், கையைத் தூக்கி. அதற்கப்புறம் தலைவர் பதவிக்கு யார் நிற்கலாம் என்று டி.எல்.ஓ., அதாவது எங்களைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர், ஐந்து பெயர் கொண்டுவந்தார். ஐந்து பேரும் பிரிஃபெக்ட், அதாவது மாணவர் கண்காணிப்பாளர். பிரிஃபெக்டைத் தேர்ந்தெடுத்தது ஆசிரியர்கள். ஆக நாங்கள் யாரைப் போட்டாலும் அவர்கள் ஏற்கனவே போட்ட ஆள்தான். அந்த ஆண்டு முழுக்க நாங்கள் செய்த சாதனை: வேலன்டைன்ஸ் டேக்கு ரோஜா விற்றோம், சீருடை இல்லாமல் வரும் சிவீஸ் டே இரண்டு வைத்தோம், மாட்ரிக் டான்ஸுக்கு ஹால் பிடித்தோம். பெண்கள் கழிவறையில் ஏழு கதவில் மூன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று ஒரு கடிதம் எழுதினோம், பதில் வந்ததா இல்லையா என்று இன்றைக்கு வரைக்கும் தெரியாது. எஸ்.ஜி.பி. கூட்டத்தில் எனக்கு ஒரு நாற்காலி, ஒரு ஜூஸ் பாட்டில். "மாணவர் தரப்பில் ஏதாவது?" என்று கேட்பார்கள், நான் எழுந்து "ஒன்றும் இல்லை சார்" என்பேன். அதற்கப்புறம் ஒப்பந்த விஷயம் ஆரம்பிக்கும், "நீ போகலாம் தம்பி." கீழே மாடிப்படியில் உட்கார்ந்து லோட் ஷெடிங் மின்வெட்டு இருட்டில் அப்பாவுக்குக் காத்திருப்பேன்.
அந்தப் பெண் எழுதிய ஒரு பக்கம் நான் ஒரு வருஷம் தலைவனாக இருந்ததைவிடப் பெரிய வேலை. ஆர்.சி.எல். வாய் திறக்கவில்லை என்று அக்கா எழுதியிருக்கிறார்கள், அதற்கு வாயே வைக்கவில்லை என்பதுதான் உண்மை.

லெனேசியா லதா:
தம்பி எழுதியதில் ஒரு திருத்தம், உனக்குச் சாதகமான திருத்தம்தான். பிரிவு 11 படி கிரேடு 8 அல்லது அதற்கு மேல் உள்ள எல்லா அரசுப் பள்ளியிலும் ஆர்.சி.எல். இருந்தே ஆக வேண்டும், மாணவர்களின் சட்டபூர்வமான பிரதிநிதி அமைப்பு அது ஒன்றுதான். பிரிஃபெக்ட் என்ற வார்த்தை அங்கே கிடையாது. கோட் ஆஃப் காண்டக்ட் என்கிற நடத்தை விதியைக்கூட மாணவர்கள், பெற்றோர், ஆசிரியர்கள் எல்லோரையும் கலந்து பேசித்தான் எஸ்.ஜி.பி. போட முடியும், அது பிரிவு 8. அதனால் ஐந்து பெயரை முன்கூட்டி எழுதிக்கொண்டு வருவது அந்த ஆசிரியர் தன் வசதிக்குச் செய்தது.

பழைய வாத்தியார்:
வசதி, வசதி என்று எல்லோரும் பேசுகிறீர்கள். ஆயிரத்து இருநூறு பிள்ளைகள், நாற்பது ஆசிரியர்கள், அதில் நாலு பேர் எப்போதும் சிக் லீவு. தாழ்ப்பாளைப் பற்றிக் கடிதம் எழுதினாய், நல்லது. அந்தத் தாழ்ப்பாளை உடைத்ததும் ஒரு மாணவன்தானே, அதைப் பற்றிப் பத்திரிகையில் ஒரு பக்கம் எழுதுவார்களா? மாட்டார்கள். பிள்ளைகளின் பத்திரிகை என்றால் அதிகாரியைக் கேள்வி கேட்கும், சக மாணவனைக் கேட்காது. எனக்கு அதுதான் வருத்தம். நான் ஒன்றும் வாயை மூடச் சொல்லும் ஆள் இல்லை. 1984 க்குப் பிறகு இந்தியர் கல்வி, இந்தியருக்கென்று வைத்த நாடாளுமன்ற அவையான ஹவுஸ் ஆஃப் டெலிகேட்ஸ் கையில் இருந்த காலத்தில் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் கரும்பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று இரண்டு தடவை திரும்பிப் பார்ப்போம். அந்த பயம் எனக்குத் தெரியும்.

மெரிபேங்க் ஆயா:
வாத்தியாரே, அந்த பயத்தைப் பற்றி நானும் ஒன்று சொல்கிறேன், பேத்தி தட்டித் தருகிறாள். 1980 இல் நான் ஸ்டாண்டர்டு 9. அந்த வருஷம் கேப் பக்கத்தில் ஆரம்பித்த பள்ளிப் புறக்கணிப்பு நம் டர்பன் இந்தியப் பள்ளிகளுக்கும் வந்தது. எங்களுக்கு ஆர்.சி.எல். கிடையாது, எஸ்.ஆர்.சி. என்கிற மாணவர் பேரவை வேண்டும் என்று கேட்டதே குற்றம். ஒரு துண்டுத் தாளை ரோனியோ நகல் மெஷினில் சுற்றினோம், புத்தகம் பற்றாக்குறை, கறுப்புப் பிள்ளைக்கு ஒரு காசு வெள்ளைப் பிள்ளைக்கு வேறு காசு ஏன் என்று. மை விரலில் இருந்து போகாது. வீட்டுக்கு வந்ததும் எங்கள் அம்மா கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு எலுமிச்சையும் உப்பும் போட்டுத் தேய்த்தார், ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டவும் இல்லை. என் கேள்வி இதுதான், அந்த மாதிரி ஒரு காலத்தைத் தாண்டி வந்த நாமே இப்போது ஒரு ரோல் விலைக்கு பயப்படுகிறோமா?

கணக்கு அப்பா:
ஆயா, உங்கள் காலத்து அரசாங்கமும் இந்தப் பிரின்சிபாலும் ஒன்றா? ஒவ்வொரு சின்ன விஷயத்துக்கும் போராட்டத்தை இழுப்பது சரியில்லை.

மெரிபேங்க் ஆயா:
ஒன்று இல்லைதான். அதனால்தான் பயப்பட வேண்டாம் என்கிறேன்.

மிட்ராண்ட் குமார்:
நான் தமிழ்நாட்டில் இருந்து 2011 இல் வந்தவன், என் மகன் இங்கே கிரேடு 9. எங்கள் ஊரில் அரசுப் பள்ளியில் எஸ்.பி.எல். என்று ஒருவனைத் தலைமை ஆசிரியர் நியமிப்பார், காலை வணக்கத்தில் "ஸ்கூல் அட்டென்ஷன்" சொல்வது அவன் வேலை, தேர்தல் எல்லாம் கிடையாது. இத்தனைக்கும் 1965 இல் மாணவர்கள் தெருவில் இறங்கி இந்தி எதிர்ப்பு நடத்திய ஊர். இங்கே சட்டத்திலேயே இருக்கிறது என்பது எனக்கு ஆச்சரியம். அமெரிக்காவில் அக்கா பெண் பள்ளிப் பத்திரிகை நடத்துகிறாள், அவள் சொல்வாள், அங்கே 1969 இல் கையில் கறுப்புப் பட்டை கட்டிய மாணவர்களுக்குச் சாதகமாக உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது, ஆனால் 1988 இல் பள்ளிச் செலவில் வரும் பத்திரிகையில் பிரின்சிபால் பக்கத்தை வெட்டலாம் என்று சொல்லிவிட்டது. வாத்தியார் சொல்வதும் அதுதானே?

லெனேசியா லதா:
அங்கே அது. இங்கே நம் அரசியலமைப்பின் பிரிவு 16 பத்திரிகைச் சுதந்திரத்தைச் சேர்த்தே சொல்கிறது, குறைக்க வேண்டுமென்றால் பிரிவு 36 படி நியாயமான காரணம் காட்ட வேண்டும். பிரின்சிபால் காரணம் என்ன சொன்னார் அக்கா?

சாட்ஸ்வொர்த் அம்மா:
"பள்ளியின் நல்ல பெயர்."

கணக்கு அப்பா:
வழக்கு, வழக்கு என்று போகாதீர்கள், அதுதான் நான் சொல்ல வருவது. நம் எல்லோருக்கும் தெரிந்த வழக்கு ஒன்று, டர்பனில் மூக்குத்தி போட்ட தமிழ்ப் பெண். பள்ளி கழற்றச் சொன்னது, அம்மா விடவில்லை, ஈக்வாலிட்டி கோர்ட்டில் தோற்றார்கள், மரிட்ஸ்பர்க் உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள், 2007 அக்டோபரில் அரசியலமைப்பு நீதிமன்றமும் அவர்கள் ஜெயித்தது சரி என்றது. நமக்கெல்லாம் பெருமை. ஆனால் தீர்ப்பு வந்த அன்று அந்தப் பெண் பள்ளியை விட்டே போயிருந்தாள். உங்கள் மகளுக்கு அடுத்த வருஷம் மாட்ரிக். யோசியுங்கள்.

முன்னாள் ஆர்.சி.எல்.:
அந்தப் பெண் போய்விட்டாள், ஆனால் அதற்கப்புறம் என் தங்கை மூக்குத்தி போட்டுக்கொண்டே படித்தாள் அங்கிள்.

வாயாடி:
பொருளாளருக்கு வரவு எழுதத் தெரியவில்லை.

கணக்கு அப்பா:
கிண்டல் வேண்டாம்.

முன்னாள் ஆர்.சி.எல்.:
இன்னொன்று கேட்க வேண்டும் என்று இருந்தேன் அக்கா. பத்திரிகைக் கூட்டம் எப்போது நடக்கிறது, ஸ்கூல் முடிந்த பிறகா? எங்கள் பள்ளியில் எல்லா கிளப்பும் 2:30 க்கு மேல்தான், டிபேட்டிங், செஸ், இன்டராக்ட், தமிழ் கல்ச்சர் கிளப் எல்லாமே. எங்கள் பிள்ளைகளில் பாதிக்கு மேல் கறுப்பர்கள் வாழும் உம்லாசியில் இருந்து வருகிறவர்கள், அவர்களை ஏற்றிப் போகும் வேன் டாக்ஸி 2:30 க்குக் கிளம்பிவிடும், மாதக் காசு முன்கூட்டியே கட்டியாகிவிட்டது, டிரைவர் செஸ் முடியும் வரை நிற்கமாட்டார். அதனால் கிளப் என்றாலே நடந்து வீட்டுக்குப் போகக்கூடிய நம் பிள்ளைகள்தான். பத்திரிகையில் வந்த பெயர்களைப் பார்த்தால் கோவிந்தர், நாயுடு, மூட்லி, பிள்ளை. எனக்கு உதவித் தலைவியாக இருந்தவள் உம்லாசிப் பெண், கழிவறைக் கடிதத்தை எழுதியதே அவள்தான், கையெழுத்து மட்டும் நான். நாங்கள் கூட்டத்தை இடைவேளைக்கு மாற்றினோம். டி.எல்.ஓ.வுக்குச் சாப்பாட்டு நேரம் போச்சு என்று கோபம். ஆனால் வருகிறவர்கள் எண்ணிக்கை ஆறில் இருந்து இருபத்தி மூன்று ஆனது.

சாட்ஸ்வொர்த் அம்மா:
மகளிடம் கேட்டேன். 2:30 க்கு மேல்தான். மூன்று பேரும் நம்மவர்கள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்கள் வகுப்பில் டக் ஷாப்பில் வாங்காமல் நிற்பது டாக்ஸியில் வருகிறவர்கள்தான், அவர்களிடம் கேட்கவே இல்லை" என்றாள்.

பழைய வாத்தியார்:
இதுதான் பாடம். இதைப் பத்திரிகைப் பொறுப்பு ஆசிரியை சொல்லியிருக்க வேண்டும்.

மிட்ராண்ட் குமார்:
தமிழ்ப் பக்கம் ஒன்று போடலாமே? பத்திரிகையில் தமிழ் இருக்கிறதா?

சாட்ஸ்வொர்த் அம்மா:
பொங்கலுக்கு நான்கு வரி.

மெரிபேங்க் ஆயா:
காந்தி 1903 இல் இந்தியன் ஒப்பீனியன் ஆரம்பித்தபோது ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் நாலும் இருந்தது. அடுத்த வருஷமே அச்சுக்கூடம் ஃபீனிக்ஸுக்குப் போயிற்று. கொஞ்ச நாளில் தமிழும் இந்தியும் நின்றுவிட்டன, எழுதவும் அச்சுக் கோர்க்கவும் ஆள் சரியாக இல்லை. ஆள் இல்லாமல் பக்கம் வைத்தால் அந்தப் பக்கம் அழுகிப்போகும் குமார். முதலில் சுலு மொழியில், இசிசுலுவில், ஒரு பக்கம் போடட்டும், எழுத ஆள் வகுப்பில் நிறையப் பேர் இருக்கிறார்கள். தமிழுக்குப் பேத்தியை அனுப்புகிறேன்.

மிட்ராண்ட் குமார்:
ஆயா, எனக்கு இது கஷ்டமாக இருக்கிறது. நம் பள்ளி என்று சொல்லிக்கொண்டு நம் மொழிக்கு நாமே கடைசி இடமா?

முன்னாள் ஆர்.சி.எல்.:
நம் பள்ளி என்று யாரைச் சொல்கிறீர்கள் அண்ணா? அரசுப் பள்ளி. படிக்கிறவர்களுடைய பள்ளி.

லெனேசியா லதா:
மொழிச் சண்டைக்குத் தனியாக ஒரு இழை திறக்கலாம், அது ஒரு வாரம் போகும். அக்கா, இப்போது செய்ய வேண்டியது: மகளைக் கொண்டு ஆர்.சி.எல்.லுக்கு எழுத்தில் ஒரு கோரிக்கை, இந்தப் பக்கத்தையும் குத்தகை விவரத்தையும் அடுத்த எஸ்.ஜி.பி. கூட்டத்தின் பொருள் பட்டியலில் சேர்க்கும்படி. பெற்றோராக நீங்களும் ஒன்று எழுதுங்கள், சின்னதாக, கோபம் இல்லாமல். எஸ்.ஜி.பி.யில் ஓட்டு உள்ள மற்ற எல்லோரையும் கூட்டினால் வருகிற எண்ணிக்கையைவிடப் பெற்றோர் ஒருவர் அதிகமாக இருக்க வேண்டும் என்பது சட்டம், அதனால் பெற்றோர் உறுப்பினர்களிடம் போய்ப் பேசுங்கள். அப்புறம் ஒன்று, மாணவர் உறுப்பினருக்கு என்ன வயது?

சாட்ஸ்வொர்த் அம்மா:
தலைவர் பையன் மாட்ரிக். மார்ச்சில் 18 ஆகிவிட்டது, கேக் வெட்டிய படம் மகளின் போனில் இருக்கிறது.

லெனேசியா லதா:
18 ஆனவர் வயது வராதவர் இல்லை. 2007 ஜூலையில் இருந்து நம் நாட்டில் 18 தான். பிரிவு 32 அந்தப் பையனைத் தொடவே தொடாது. வாடகைத் தீர்மானத்தில் அவனுக்கு ஓட்டும் உண்டு.

கணக்கு அப்பா:
இது எனக்கே தோன்றவில்லை. எங்கள் பள்ளித் தலைவிக்கு எத்தனை வயது என்று நாளைக்குப் பார்க்க வேண்டும்.

சாட்ஸ்வொர்த் அம்மா (பதினெட்டு நாள் கழித்து):
எல்லோருக்கும் சொல்ல வேண்டிய கடமை இருக்கிறது. வியாழக்கிழமை ஆறு மணிக்குக் கூட்டம் நடந்தது. நான் உள்ளே இல்லை, பையன் வந்து சொன்னதை எழுதுகிறேன். அவனை வழக்கம்போல் போகச் சொன்னார்கள். அவன் தன் ஐ.டி. அட்டையை மேசை மேல் வைத்துவிட்டு உட்கார்ந்தே இருந்தானாம். இரண்டு நிமிடம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஒரு பெற்றோர் உறுப்பினர் தானாகவே எழுந்து, எனக்கு இதில் சம்பந்தம் உண்டு என்று சொல்லி வெளியே போனார். அவரை நான் மதிக்கிறேன், பேர் சொல்ல மாட்டேன்.
குத்தகை நவம்பரில் முடிகிறது. வாடகை எவ்வளவு என்று பெற்றோர் கூட்டத்தில் சொல்வார்களாம், பத்திரிகையில் போட வேண்டாம் என்று முடிவு. விலைப் பக்கத்தைப் போடலாம், ஆனால் கடைக்கார அம்மாவின் பதிலோடு சேர்த்து. மகள் போய்ப் பதில் வாங்கினாள். அங்கே ஒரு அவமானம். பதினொன்றில் இரண்டு விலை தப்பு. உள்ளே பெரிய ஜூஸ், வெளியே சின்ன ஜூஸ், இரண்டையும் ஒப்பிட்டிருக்கிறார்கள். சமோசா உள்ளே மூன்று, வெளியே இரண்டு, எண்ணிப் பார்க்கவில்லை. அந்த அம்மா கோபப்படாமல் பாட்டிலை எடுத்து வைத்துக் காட்டினாராம். வீட்டுக்கு வந்து அன்றைக்குத்தான் அழுதாள்.

பழைய வாத்தியார்:
அழட்டும். திருத்தினாளா?

சாட்ஸ்வொர்த் அம்மா:
திருத்தினாள் சார். ஒன்பது விலையாகக் குறைத்து, முதலில் எடுத்த இரண்டும் தப்பாக இருந்தது என்று அதே பக்கத்தில் கீழே எழுதியிருக்கிறாள், பொறுப்பு ஆசிரியை வேண்டாம் என்று சொல்லியும் அவள் கேட்கவில்லை. சிப்ஸ் ரோல் இன்னும் 28 தான். பத்திரிகைக் கூட்டம் இடைவேளைக்கு மாறிவிட்டது, இசிசுலுப் பக்கத்தை ஒரு பையனும் பெண்ணும் எழுதினார்கள், அதில் டாக்ஸிக் கட்டணத்தைப் பற்றி ஒரு கட்டுரை, அது டக் ஷாப்பைவிட நன்றாக இருக்கிறது என்று மகளே ஒத்துக்கொள்கிறாள்.

கணக்கு அப்பா:
வாடகையை அச்சில் போடாதது சரியான முடிவு. மற்றபடி, எங்கள் தலைவிக்கு ஆகஸ்டில் 18 ஆகிறது. அதற்கு முன்னால் ஒப்பந்தம் எதையும் முடித்துவிடலாமா என்று ஒருவர் கேட்டார். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். பார்க்கலாம்.

லெனேசியா லதா:
அண்ணா 👏

பழைய வாத்தியார்:
எத்தனை பிரதி போட்டார்கள்?

சாட்ஸ்வொர்த் அம்மா:
250. நேற்று வரை 31 மிச்சம்.

பழைய வாத்தியார்:
டோங்காட்டுக்கு ஒன்று அனுப்பு. சிவப்புப் பேனா இன்னும் வைத்திருக்கிறேன்.